குடுக்கை வீட்டுக் குடித்தனம்

வீட்டுச் சொந்தக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் உள்ள உறவைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் உலகத்தில் மிகச் சிலரே. குடிக்கூலி போதவில்லை என்பது ஒருவர் கட்சி. கூரை ஒழுகுகிறது என்பது மற்றவர் கட்சி. இவ்விருவருக்கும் நடுவே நியாயம் கூறப் புகுந்தவர்கள் இரு தரப்பாரின் வசையையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதே வழக்கம். அப்படியிருக்க, குடிக்கூலி என்று ஒரு காசு பெறாமல், முன்பணம் கேளாமல், வீட்டைத் தாமே கூட்டி மெழுகி, வெள்ளை பூசி, திருடர் வராமல் காவலும் போட்டுவிட்டு, "குடித்தனக்காரர் இன்னும் வரவில்லையே!" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கவலைப்படும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள் என்றால் நேயர்கள் நம்புவார்களா? அமெரிக்க நாட்டின் கீழ்த்திசை மாகாணங்களில், புழைக்கடையிலே கொஞ்சம் வெட்டவெளி உள்ள பல வீடுகளில், ஆண்டுதோறும் இந்தக் கவலை நடைபெற்று வருகிறது.

ஆகாயத்தைப் பார்ப்பதற்குக் காரணம், குடித்தனக்காரர் அந்த வழியாகத்தான் வரவேண்டும் என்பதே. 'பர்ப்பிள் மார்ட்டின்' என்று அந்நாட்டார் அழைக்கும் பறவை அது. நம் ஊர் ஏரிக்கரைகளில் தாழப் பறந்து பூச்சி பிடித்து, மின்சாரக் கம்பிகளில் வரிசையாய் உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவிகளின் குலத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் தகைவிலான்களில் இதுவே பெரியது. ஆயினும் நம் மைனாவைவிடச் சற்றுச் சிறியதுதான். எடை 50 கிராமுக்குச் சிறிது மேல் இருக்கும். பெயரிலே 'ஊதா' என்று இருந்தாலும், ஆண் பறவை தூரத்தில் கறுப்பாகத் தோன்றும். வெயில் படும்போது அந்தக் கறுப்பினுள்ளிருந்து நீலமும் ஊதாவுமாக ஒரு பளபளப்பு எழும். பெண் பறவைக்கு வயிறும் மார்பும் சாம்பல் நிறம். உண்பது, நீர் குடிப்பது எல்லாம் பறந்துகொண்டேதான். ஓடையின் மேல் சாய்ந்து வந்து, அலகால் ஒரு மிடறு நீரை வாரிக்கொண்டு, நில்லாமல் மேலே எழுந்துவிடும்.

இப்பறவைக்கு அந்நாட்டார் கட்டிக்கொடுக்கும் வீடு நமக்குப் பழக்கமான பொருள்தான், முற்றிய சுரைக்காய்! நம் கூரைகளின் மேல் படரும் அதே சுரை இனம், மனிதர் வரலாறு எழுதத் தொடங்குவதற்கு எவ்வளவோ முன்பே அமெரிக்கக் கண்டத்தை அடைந்துவிட்டது. கறிக்கு உதவாமல் முற்றிய காயைக் குடுக்கையாக்கிச் சாதுக்கள் நீர் மொண்டதையும், நீச்சல் பழகும் பிள்ளைகள் இடுப்பிலே கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியதையும் நாம் அறிவோம். அங்கே அதே குடுக்கை ஒரு குடும்பம் முழுவதற்கும் இல்லமாகிறது.

அதைச் செய்யும் முறை இதுதான். கொடியில் நன்றாய் முற்றிய காய்களைப் பறித்துக் குளிர்காலம் முழுவதும் உலரவைக்கிறார்கள். உள்ளே விதை குலுங்கும் ஓசை கேட்டால் காய் பதம் என்று அர்த்தம். பிறகு தோலைத் தேய்த்துக் கழுவி, வயிற்றுப் பக்கத்தில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு வாசல் வெட்டி, விதையையும் சோற்றையும் சுரண்டி எடுக்கிறார்கள். அடியில் மழை நீர் வடியச் சில துளைகள். கழுத்தில் கம்பி கோக்க இரண்டு துளைகள். பூஞ்சைக்கும் புழுவுக்கும் இரையாகாமலிருக்க மயில்துத்தக் கரைசலில் ஊறவைத்து, காய்ந்த பின் வெள்ளை வர்ணம் பூசுகிறார்கள். வெள்ளை பூசுவது அலங்காரத்துக்கு அல்ல. கோடை வெயிலில் குஞ்சுகள் வெந்துவிடாமல் காப்பதற்கு. பக்கவாட்டில் கை நுழையும்படி மூடியிட்ட துவாரம் ஒன்றும் உண்டு. இவ்விதம் ஒரு டஜன் அல்லது இரண்டு டஜன் குடுக்கைகளை உயர்ந்த கம்பத்தின் உச்சியில் வளையமாகத் தொங்கவிட்டு, கிணற்று ராட்டினம் போன்ற உருளையால் ஏற்றவும் இறக்கவும் வசதி செய்துகொள்கிறார்கள்.

கம்பம் நடும் இடத்திலும் குடித்தனக்காரருக்குத் தனி ருசி உண்டு. மரத்தருகே நட்டால் வராது; பருந்துக்கும் ஆந்தைக்கும் அது ஒளியுமிடம் அல்லவா? சுற்றிலும் 40 அடிக்காவது வெட்டவெளி வேண்டும். அதே சமயம் மனிதர் வீடு அருகில் இருக்கவேண்டும். 100 அடிக்குள் இருந்தால் மிகவும் திருப்தி. குழந்தைகள் கூச்சலிடுவதும், துணி உலர்த்துவதும், நாய் குரைப்பதும் இதற்கு இடைஞ்சலல்ல, பாதுகாப்பு. மனிதன் வருவதைக் கண்டு எல்லாப் பறவைகளும் ஓடும்போது, மனிதன் அருகில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு வீடு எடுக்கும் பறவை இது.

தென்கோடியிலுள்ள பிளாரிடாவில் ஜனவரி மாதத்திலேயே முதல் பறவைகள் வந்து இறங்கிவிடும். வடக்கே போகப் போக நாள் தள்ளி, கனடா எல்லைப் பக்கம் ஏப்ரலும் மேயும் ஆகிவிடும். முன்னால் வருபவை வயது முதிர்ந்தவை. சென்ற ஆண்டு எந்தக் கம்பத்தில் குடியிருந்தனவோ அதே கம்பத்தைத் தேடி வரும். இளம் பறவைகள் பல வாரங்கள் கழித்தே வருகின்றன. புதிதாகக் கம்பம் நட்டவருக்கு இவையே நம்பிக்கை. விடிவதற்கு முன், இருட்டிலேயே ஆண் பறவை வானத்தில் வட்டமிட்டுப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்டு இளம் பறவைகள் குடியிருப்பை நாடி வருகின்றன. பறவையே வராத வீட்டுக்காரர் அந்தப் பாட்டை ஒலிப்பதிவாக வாங்கி, அலாரம் வைத்து எழுந்து, விடியற்காலையில் தம் புழைக்கடையில் பாடவைப்பதும் உண்டு. இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் வெறும் கம்பத்தைப் பார்த்துக் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ, நாமறியோம்!

வந்தபின் வைக்கோலும் குச்சியும் சேர்த்து, வாசலில் மண்ணால் ஒரு வரம்பு கட்டி, மேலே பச்சிலைகளைக் கொண்டுவந்து பரப்பும். வெள்ளை முட்டைகள் நாலு முதல் ஆறு வரை இடும். ஏறக்குறைய 16 நாள் அடைகாத்தபின் குஞ்சு வெளிவரும். நாலு வாரத்தில் பறந்துவிடும். இந்த நாட்களில் வீட்டுக்காரர் வாரம் ஒரு தடவை கம்பத்தை இறக்கி, குடுக்கையைத் திறந்து, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். மனிதன் கை பட்டால் தாய் கைவிட்டுவிடும் என்ற பயம் இப்பறவையிடம் பலிப்பதில்லை. கூட்டில் உண்ணிகள் பெருகி, குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சினால், பழைய கூட்டை எடுத்து எறிந்துவிட்டு உலர்ந்த மரச்சீவலால் புதுப் படுக்கை போட்டுக்கொடுக்கிறார். தாய் திரும்பி வந்து, ஒன்றும் நடவாததுபோல் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் குஞ்சுக்கு மூன்று வாரம் கடந்துவிட்டால் திறக்கலாகாது. பயந்து, பறக்கத் தெரியுமுன்பே குதித்துவிடும்.

கோடை முடியுமுன் எல்லாம் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடித் தென் அமெரிக்காவுக்குப் புறப்படுகின்றன. அக்கூட்டங்கள் எவ்வளவு பெரியவை என்றால், அதிகாலையில் அவை ஒருங்கே எழும்பும்போது, மழை மேகத்தைக் கண்டறிய வைத்திருக்கும் ராடார் கருவிகளில் அவை பெரிய வளையமாய்ப் பதிவாகின்றன. குளிர்காலம் அமேசான் நதிப் பிரதேசத்தில் கழிகிறது. 2007-ஆம் ஆண்டில் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை பிரிட்ஜெட் ஸ்டட்ச்பரியும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மாகாணத்தில் சில பறவைகளின் முதுகில் சூரிய வெளிச்சத்தைக் குறித்துவைக்கும் சிறு கருவிகளைக் கட்டி அனுப்பினார்கள். மறு வருஷம் திரும்பியவற்றைப் பிடித்துக் கணக்குப் பார்த்தபோது, ஒரு பெண் பறவை பிரேஸிலிலிருந்து ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர் தூரத்தை 13 நாளில் கடந்து வந்திருப்பது தெரிந்தது. எதற்காக இவ்வளவு அவசரம்? பென்சில்வேனியாவில் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் தொங்கும் கூட்டுக்காக!

இத்தனை உபசாரத்துக்கும் கைம்மாறு என்ன என்று கேட்பது இயல்பு. நீண்டகாலமாக ஒரு பதில் சொல்லப்பட்டு வந்தது. ஒரு மார்ட்டின் நாளொன்றுக்கு 2,000 கொசு தின்னும் என்பது. இல்லினாய் மாகாணத்தில் கிரிக்ஸ்வில் என்ற சிற்றூரில் 1960-களில் அலுமினியத் தகட்டால் பறவை வீடு செய்து விற்கும் தொழில் பெருகியபோது, இந்தக் கொசுக் கணக்கும் கூடவே நாடெங்கும் பரவியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பறவையின் இரையைப் பரிசோதித்த அறிஞர்கள் அதில் கொசு மிக அற்பமே என்று கண்டார்கள். கொசு அந்தி வேளையில் தாழப் பறக்கும். மார்ட்டினோ பகலில் உயரப் பறந்து வண்டு, தும்பி, அந்துப்பூச்சி, பறக்கும் எறும்பு இவற்றைப் பிடிக்கும். அந்தத் தும்பி அல்லவா உண்மையில் கொசுவைத் தின்பது! பயிருக்கும் மனிதருக்கும் தொல்லை தரும் தீயெறும்புகளின் ராணிகளை அவை பறக்கும் காலத்தில் ஏராளமாய்ப் பிடித்துத் தின்கிறது என்பது மெய். எனினும் குடிக்கூலியைக் கறாராய்க் கணக்கிடுகிறவர் இந்தக் குடித்தனத்தால் லாபம் என்று சொல்லமாட்டார். கொசுக் கதை பொய்த்துப்போன பின்பும் கம்பங்கள் நின்றுகொண்டிருப்பதே நாம் கவனிக்கவேண்டிய விஷயம். காரணம் வேறெங்கோ இருக்கவேண்டும்.

அதை அறிய, இந்த உபசாரத்தை ஆரம்பித்தவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கரோலினாப் பிரதேசத்தின் மரஞ்செடிகளையும் பறவைகளையும் பற்றிப் பெரு நூல் எழுதிய மார்க் கேட்ஸ்பி என்ற ஆங்கிலேயர், கம்பங்களில் குடுக்கை கட்டி இப்பறவையை வளர்ப்பதையும், அது காக்கையையும் பருந்தையும் துரத்திக் கோழிகளைக் காப்பதையும் குறித்திருக்கிறார். அவருக்குப் பின், 1808 முதல் 1814 வரை அமெரிக்கப் பறவைகளைப் பற்றி ஒன்பது பாகங்களாக நூல் வெளியிட்ட அலெக்ஸாண்டர் வில்ஸன், இரண்டு வகையாரைச் சொல்லுகிறார். முதலாவது, அந்நாட்டின் பூர்வ குடிகளான சாக்டாக்களும் சிக்கசாக்களும். அவர்கள் தங்கள் குடிசையருகே இளமரம் ஒன்றின் கிளைகளைக் கழித்து, எஞ்சிய கவைகளில் குடுக்கைகளைத் தொங்கவிட்டார்கள். இரண்டாவது, மிஸ்ஸிஸிப்பி நதிக்கரையில் இருந்த கறுப்பு மக்கள். அவர்கள் நீண்ட மூங்கில் போன்ற கழிகளின் முனையில் அதே விதமான குடுக்கைகளைக் கட்டிவைத்தார்கள்.

இவ்விரு வகையாரின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். அந்நதிக்கரைக் கறுப்பு மக்களில் மிகப் பெரும்பாலோர் அப்போது அடிமைகள். தங்கள் மனைவி மக்களையே சொந்தமென்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடங்கொடாத காலம். 1865-இல்தான் அந்தக் கொடுமை சட்டப்படி ஒழிந்தது. தமக்கென்று ஓரடி நிலமில்லாதவர்கள் ஆகாயத்தில் ஒரு வீடு கட்டிப் பறவைக்குக் கொடுத்தார்கள். சாக்டாக்களின் கதையோ வேறு விதமான துயரம். வில்ஸனின் நூல் வெளிவந்து இருபது வருஷம் ஆவதற்குள், 1830-ஆம் ஆண்டில், அமெரிக்க ஸர்க்கார் பூர்வ குடிகளை மிஸ்ஸிஸிப்பிக்கு அப்பால் அகற்றச் சட்டம் செய்தது. அதே ஆண்டில் சாக்டாக்களிடம் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கி, அடுத்த வருஷமே அவர்களை மூதாதையர் மண்ணிலிருந்து பெயர்த்து, இன்று ஓக்லஹோமா எனப்படும் பிரதேசத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். குளிரிலும் நோயிலும் வழியிலேயே மாண்டவர் பலர். சில வருஷங்களில் சிக்கசாக்களும் அதே வழியில் போனார்கள். பறவைக்குக் குடியிருக்க இடம் தந்த ஜாதியாருக்குத் தாங்கள் குடியிருக்க இடம் இல்லாமற் போயிற்று. அவர்களை வெளியேற்றி அந்நிலத்தில் புகுந்தவர்கள் மரங்களை வெட்டினார்கள், பெயர்களை மாற்றினார்கள்; ஆனால் குடுக்கை கட்டும் வழக்கத்தை மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டார்கள். மிஸ்ஸிஸிப்பியில் தப்பி நின்ற சாக்டாக்களின் சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்; ஓக்லஹோமாவிலும் இரு ஜாதியாரும் தமக்கென்று ஆட்சி அமைத்து வாழ்கிறார்கள். மார்ட்டின் பறவை இரண்டு இடங்களிலும் கூடு கட்டுகிறது.

இதற்குள்ளே பறவையின் நிலையும் மாறிவிட்டது. ஆதியில் அது மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்துகளில் வாழ்ந்தது. ராக்கி மலைகளுக்கு மேற்கே இன்றும் மரப் பொந்துகளிலும், பாலைவனத்து ராட்சதக் கள்ளிகளின் துளைகளிலும் வாழ்வதுண்டு. மலைகளுக்குக் கிழக்கே அப்படியில்லை. பட்டமரங்கள் அழிந்தன, தலைமுறை தலைமுறையாகக் குடுக்கையில் பிறந்து வளர்ந்த பறவைகள் குடுக்கையையே வீடென்று அறிந்தன. இன்று அப்பகுதியில் ஏறக்குறைய எல்லா மார்ட்டின்களும் மனிதர் கட்டிக்கொடுத்த வீடுகளில்தான் முட்டையிடுகின்றன. விருந்தாக ஆரம்பித்தது கடமையாக முடிந்திருக்கிறது. ஒருநாள் விருந்திட்டு மறுநாள் கதவைச் சாத்தலாம். பல நூறு வருஷம் விருந்திட்டு, வேறு வழியே அறியாதபடி செய்தபின் கதவைச் சாத்தினால், அதற்கு வேறு பெயர் இடவேண்டும்.

கடமை என்றால் மனத்துக்கு ஒவ்வாததையும் செய்யவேண்டி வரும் என்பதற்கு இங்கே ஓர் உதாரணம் உண்டு. மார்ட்டினுக்கு எதிரி பலர். கம்பத்தில் ஏறும் பாம்புக்கும், ரக்கூன் என்ற திருட்டு விலங்குக்கும் வழுக்கும் தகட்டுக் கவசம் போடலாம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து 1890-இல் நியூயார்க் பூங்காவில் பறக்கவிடப்பட்டுப் பல கோடியாய்ப் பெருகிவிட்ட ஸ்டார்லிங் பறவைக்கும் ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள். அதன் மார்பு உயரம். மார்ட்டினுக்கோ கால் குட்டை, தவழ்ந்தே நுழையும். ஆகையால் வாசலை மூன்றாம் பிறைபோல் தட்டையாக வெட்டினால் மார்ட்டின் நுழையும், ஸ்டார்லிங் வெளியே நிற்கும். மிஞ்சி நிற்கும் எதிரி ஒன்றுதான். அது எந்த வாசலிலும் நுழைந்து, முட்டையைக் குத்தி உடைத்து, குஞ்சைக் கொன்று, அதன் மேலேயே தன் கூட்டைக் கட்டும். அதன் பெயரைக் கேட்டால் நம் இல்லத்துப் பெண்மணிகள் திடுக்கிடுவார்கள். அது நம் சிட்டுக்குருவியேதான்!

நம் நாட்டில் முற்றத்து நெல்லைக் கொத்தி, இறவாரத்தில் கூடு கட்டி, வீட்டில் ஒருவராய் வாழ்ந்த குருவி அது. அது குறைந்துவருகிறதே என்ற ஏக்கத்தால் 2010 முதல் மார்ச் 20-ஆம் தேதியைச் சிட்டுக்குருவி தினமாகக் கொண்டாடி வருகிறோம். அமெரிக்காவுக்கு அது சுயமாகப் போகவில்லை. 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புரூக்லினில் மனிதர்களே இறக்குமதி செய்தார்கள். 1918-ஆம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டம் மார்ட்டினைக் காக்கிறது. குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தக் காப்பு இல்லை. ஆகவே வீட்டுக்காரர் குருவிக் கூட்டை வாரந்தோறும் கலைக்கிறார். சிலர் பொறி வைத்துப் பிடித்துக் கொல்லவும் செய்கிறார்கள். நமக்கு இது சம்மதமாய் இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. குருவியின் பேரில் குற்றம் என்ன? தூக்கிக்கொண்டுபோய் விட்ட இடத்தில் பிழைத்தது, அவ்வளவுதானே? ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் கருணையுள்ளவர் என்றும் சொல்வதற்கில்லை. குடுக்கையைக் கட்டி மார்ட்டினை அழைத்துவிட்டு, குருவி அதன் குஞ்சுகளைக் கொல்வதைப் பார்த்திருப்பவர், வீடு கட்டவில்லை, கண்ணி கட்டியிருக்கிறார். கூட்டைக் கலைக்க மனமில்லாதவர் கம்பமே நடாதிருப்பது நலம் என்று அனுபவசாலிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

குளிரும் மழையும் சேர்ந்து நாலைந்து நாள் நீடித்தால் இன்னொரு சோதனை. பூச்சி பறக்காது, பூச்சி பறக்காவிட்டால் மார்ட்டினுக்கு ஆகாரமில்லை. 1972 ஜூன் மாதத்தில் ஆக்னஸ் என்ற புயல் பென்சில்வேனியாவிலும் அயல் மாகாணங்களிலும் விடாமல் மழை கொட்டியபோது, ஏராளமான மார்ட்டின்கள் குஞ்சுகளோடு பட்டினியால் மாண்டன. இப்போது அத்தகைய நாட்களில் வீட்டுக்காரர்கள் குடையும் கையுமாகக் கம்பத்தடியில் நின்று, கடையில் வாங்கிய சுவர்க்கோழிகளைக் கரண்டியால் ஒவ்வொன்றாக ஆகாயத்தில் சுண்டிவிடுகிறார்கள். பறக்கும் பொருளையே உணவென்று அறிந்த பறவை, முதலில் விழித்து, பிறகு தாவிப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. சில நாளில், கிளறி வேகவைத்த கோழிமுட்டையைத் தட்டில் வைத்தாலும் வந்து தின்கிறது. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், மழையில் நனைந்துகொண்டு சுவர்க்கோழியைச் சுண்டிவிடும் காட்சியைக் கண்டு சிரிக்கலாம். சிரித்து முடித்தபின், நாம் யாருக்காவது இவ்வளவு செய்திருக்கிறோமா என்றும் யோசிக்கலாம்.

1987-இல் பென்சில்வேனியாவில் இப்பறவைக்கென்றே ஒரு பாதுகாப்புச் சங்கம் தோன்றி, மேற்சொன்ன முறைகளையெல்லாம் பரப்பி வருகிறது. அப்படியும் பறக்கும் பூச்சியை உண்டு வாழும் பறவைகள் பலவற்றைப்போல் மார்ட்டினும் பல இடங்களில் குறைந்துகொண்டே வருகிறது. அதைப் பராமரிப்பவர்களில் மிகுதியானோர் வயது முதிர்ந்தவர்கள் என்பது சங்கத்தாரின் பெருங்கவலை. முதியவர் காலமாகிறார்; அல்லது மகன் வீட்டுக்குப் போய்விடுகிறார். வீட்டை வாங்கியவர் புழைக்கடையில் நிற்கும் அசிங்கமான கம்பத்தைப் பிடுங்கி எறிகிறார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. வசந்தம் வருகிறது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த பறவை, கம்பம் இருந்த இடத்தில், கம்பம் இருந்த உயரத்தில், வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஆகையால் விவேகமுள்ள வீட்டுக்காரர்கள் பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு கம்பத்தடிக்குப் போகிறார்கள். குடுக்கையை இறக்கி, மூடியைத் திறந்து, இறகு முளையாத குஞ்சைப் பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்துக் காட்டுகிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் அந்த வாரக் கணக்கை அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லுகிறார்கள். வீட்டுக்கு உயில் எழுதுவோர் உலகத்தில் அநேகர். குடித்தனக்காரருக்காக உயில் எழுதும் முறை இதுவே போலும். மரக்கிளையைக் கழித்து முதல் குடுக்கையைக் கட்டிய சாக்டாக் கிழவரும், தம் பேரனுக்கு இப்படித்தான் காட்டிக்கொடுத்திருப்பார்.